தலகாணிச் சட்டைக்காரி

பரீதா கிண்ணியாவில் பிறந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மெத்தையும் தலகாணியும் தைப்பது அவள் தொழில். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற அவர்களுடைய சின்ன வீட்டின் முன்னறையில் இலவம் பஞ்சு எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். கதிரைக் காலிலும் குசினிச் சுவரிலும் பஞ்சு. சோற்றுக் கோப்பையில்கூட ஒரு இழை கிடக்கும். பட்டினத்தில் ஒரு கலியாணம் பேசி முடிந்தால், நகைக்குச் சொல்ல முதல் பரீதாவிடம் மெத்தைக்குச் சொல்ல வேண்டும் என்று சனங்கள் பகிடியாகக் கதைப்பார்கள்.

அவளுடைய புருஷன் ஆதம்பாவா கடற்படைத் தளத்தில் படகு ஓட்டியவன். வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறியபோது அவன் வேலையும் கூடவே ஏறிப் போய்விட்டது. ஏலத்துக்கு வந்த பழைய போட் ஒன்றை எடுத்துப் பலகை அடித்து இருக்கை செய்தான். பச்சை வர்ணம் பூசினான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெருநாள், பொங்கல், வெசாக் விடுமுறைகளிலும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றிக்காட்டத் தொடங்கினான். சோபர் தீவு வரைக்கும் போய்த் திரும்புகிற சவாரி. சுற்றிவர மலைகள் நின்றதால் அந்த நீர் குளம் மாதிரி அலையடங்கிக் கிடக்கும். ஆனால் நிறம் மட்டும் குளத்தின் நிறமில்லை. கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே ஆழம் கிடுகிடுவென்று இறங்கிவிடும். உச்சி வெயில் நேரே விழுந்தாலும் தண்ணீர் கறுப்பாகத்தான் தெரியும்.

போட்டோடு சேர்ந்து கடற்படைக்காரர் போடுகிற பழைய மிதப்புச் சட்டைகளும் கொஞ்சம் வந்திருந்தன. தடித்த சீலைக்குள் பஞ்சு அடைத்த சட்டைகள். வளர்ந்த ஆம்பிளைகளின் உடம்புக்கு அளவெடுத்தவை. ஆதம்பாவா கவனமான ஆள். பிள்ளைகள் ஏறினால் அந்தச் சட்டைகளைப் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டிய பிறகுதான் எஞ்சினைத் தொடுவான்.

அவர்களுக்கு இருந்தது ஒரே மகள், றஹ்மா. அவளுக்கு ஏழு வயதானபோது ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம் வாப்பாவோடு தானும் போட்டில் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். கூட வந்தவை இன்னும் சில குடும்பங்களின் பிள்ளைகள். ஆதம்பாவா தன் கையாலேயே மகளுக்குச் சட்டையைப் போட்டு, நாடாவில் இரட்டை முடிச்சுப் போட்டான். சட்டை அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

சோபர் தீவுக்குக் கிட்ட ஒரு பெரிய சொறிமீன், கண்ணாடிக் கோப்பை மாதிரி, விரிந்து சுருங்கிக்கொண்டு போனது. அதைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் பாய்ந்தார்கள். போட் சரிந்தது. ஓரத்தில் நின்ற றஹ்மா சத்தமே இல்லாமல் வழுக்கி விழுந்தாள். ஆதம்பாவா எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கையில் சட்டை மிதந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடித்து இழுத்தான். பாரமில்லாமல் வந்தது. இரட்டை முடிச்சு அவிழவில்லை, நாடா தளரவில்லை. உள்ளே பிள்ளை இல்லை. தண்ணீர் சட்டையை மேலே தூக்க, பிள்ளை கைகளை உயர்த்தியபடி அதற்குள்ளால் கீழே வழுக்கிப் போய்விட்டது.

அவன் குதித்தான். தோணிக்காரர் குதித்தார்கள். கடற்படையிலிருந்து முக்குளிப்பவர்களும் வந்து பார்த்தார்கள். அந்த ஆழம் எதையும் திருப்பித் தரவில்லை. கடைசியில் அடக்கம் செய்ய மையித்து இல்லாமலே பள்ளியில் தொழுகை நடத்தினார்கள்.

"தண்ணியில மௌத்தானவங்க, மார்க்கத்துக்காக உயிர விட்ட ஷஹீதுட இடத்துக்குப் போறவங்க. அழாதீங்க மகள்," என்றார் பள்ளி லெப்பை. பரீதா தலையாட்டினாள். அவள் மடியில் அந்தச் சட்டை கிடந்தது. முடிச்சை அவிழ்க்கப் போன பெண்களை அவள் விடவில்லை. தையல்காரியின் கண்ணோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்து அகலம். தோள் அகலம். கீழே பிடிப்பு என்று ஒன்றுமே இல்லை. ஒரு தலகாணி உறையின் அடியைத் தைக்காமல் விட்டால் பஞ்சு எப்படி நிற்கும்?

ஆதம்பாவா போட்டை விற்கப் போனான். பரீதா விடவில்லை.

"அத வித்தா, அவள் கிடக்கிற இடத்துக்கு என்ன ஆரு கூட்டிக்கொண்டு போற?" என்று கேட்டாள்.

அவன் போய்ப் போட்டைத் திரும்பவும் கரையில் கட்டினான்.

அன்றிலிருந்து அவள் தைத்தாள். கடற்படைச் சட்டைகளை எல்லாம் பிரித்து, புதுப் பஞ்சு அடைத்து, மெழுகுச்சீலை உள்ளுக்கு வைத்து, பிள்ளைகளின் அளவுக்கு வெட்டினாள். மூன்று வயதுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். காலுக்கிடையால் ஒரு வார் கொடுத்து முன்னால் கட்ட வைத்தாள், பிள்ளை கீழே வழுக்காதபடி. பிடரியில் ஒரு வளைய வார் தைத்தாள், விழுந்த பிள்ளையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்க. அவை போட்ட பிள்ளைகள் குட்டித் தலகாணிகள் மாதிரி நடந்ததால் பட்டினத்தில் அதற்குத் தலகாணிச் சட்டை என்றே பெயர் விழுந்தது.

ஆதம்பாவா அதன்பிறகு எந்தப் பிள்ளைக்கும் முடிச்சுப் போடவில்லை. ஆகவே பரீதாவே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போட் கட்டுகிற பலகைத் துறையான ஜெட்டியில் வந்து நின்றாள். பொஞ்சாதியை ஊரார் நடுவில் நிற்பாட்டியிருக்கிறான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெஞ்சில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு, காலிடையில் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் வாய்க்குள் ஒரு பிஸ்மில்லாஹ்.

"இந்த வெக்கையிலை பிள்ளைக்கு மெத்தையைக் கட்டிவிடுறீங்களே, உது என்ன விசர் வேலை?" என்று ஒருநாள் ஓர்ஸ் ஹில் பக்கமிருந்து வந்த ஒருவர் சண்டைக்கு வந்தார். இராசதுரை என்று பெயர், கந்தோரில் எழுதுவினைஞர். மகன் யோகன் புதுச் சட்டை கசங்குகிறதென்று சிணுங்கிக்கொண்டு நின்றான்.

"போடாட்டி போட் வெளிக்கிடாது, தம்பி."

"வேறை போட் இல்லையெண்டு நினைக்கிறீங்களோ?"

"கிடக்கு. போங்க. ஆனா புள்ளய இங்க விட்டுட்டுப் போங்க."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மகனிடம், "சரி, போடு," என்றார்.

அன்று சோபர் தீவின் பக்கம் போட்டைக் கட்டும்போது யோகன் கால் தவறி விழுந்தான். கரையோர நீரோட்டம் அவனை நீருக்குள் வேர்விட்டு நின்ற கண்ணா மரங்களின் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லாரும் கத்திக்கொண்டு தேடினார்கள். வேருக்கும் வேருக்கும் இடையில் இருட்டிக் கிடந்த நீரில், முகம் வானத்தைப் பார்த்தபடி, அவன் அமைதியாக மிதந்துகொண்டிருந்தான். முகம் நனையவே இல்லை. ஆதம்பாவா நீந்திப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"பயந்திட்டியே ராசா?" என்று இராசதுரை அழுதுகொண்டு கேட்டார்.

"இல்லை அப்பா. ஒரு அக்கா பின்னாலை பிடிச்சுக்கொண்டு இருந்தவ," என்றான் யோகன்.

பயத்தில் பிள்ளை உளறுகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். இராசதுரை ஜெட்டியில் இறங்கியதும் பரீதாவுக்கு முன்னால் கைகூப்பினார்.

அன்று மாலை சட்டையைக் காயப்போடும்போது பரீதா பிடரி வாரைக் கவனித்தாள். அது நீண்டு தளர்ந்து போயிருந்தது.

"வாரைப் பிடிச்சா தூக்கினீங்க?"

"இல்ல. கையப் பிடிச்சுத்தான் இழுத்தனான். வாரைத் தொடவே இல்ல," என்றான் ஆதம்பாவா.

அவள் வாரைக் கழற்றிவிட்டுப் புது வார் தைத்தாள். முன்னதைவிடத் தடிப்பான சீலையில், மூன்று வரிசைத் தையல். புருஷனிடம் வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு போட் திரும்பும் ஒவ்வொரு நாளும், நனைந்திருந்தாலும் நனையாவிட்டாலும், சட்டைகளின் வார்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமானது. அநேக நாட்களில் ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு பிள்ளை குளிக்க இறங்கியிருந்தால், அந்தச் சட்டையின் வாரில் மட்டும் சின்ன விரல்கள் பற்றியதுபோல ஒரு கசங்கல் இருக்கும்.

பெரும் புயல் வந்து போனது. பட்டினத்தில் கூரைகள் பறந்தன, ஜெட்டியின் பலகைகள் பெயர்ந்தன. போட் தப்பியது. அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தில், லிங்கநகரைச் சேர்ந்த புஸ்பராணி என்ற பள்ளிக்கூட ரீச்சர் தன் மகள் தவமலரோடு சவாரிக்கு வந்தாள். தவமலருக்கு ஏழு வயது. பரீதா அவளுக்குக் கட்டும்போது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள்.

திரும்பி வரும்போது பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை வந்தது. திருகோணமலையில் சில மழைகள் அப்படித்தான். மலையும் கரையும் ஒரே நொடியில் மறைந்து, போட் ஒரு வெள்ளைத் துணிக்குள் கட்டி வைத்ததுபோல் ஆகிவிடும். காற்று அடித்த அடியில் பின் பலகையில் இருந்த தவமலர் விழுந்துவிட்டாள். புஸ்பராணி அலறினாள். ஆதம்பாவா எஞ்சினை நிறுத்தினான். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மழை தண்ணீரில் விழுகிற இரைச்சல் மட்டும்தான்.

அந்த இரைச்சலுக்குள் ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. அழவில்லை, கூப்பிடவும் இல்லை. கதைத்துக்கொண்டிருந்தது.

"ஓம்... இல்லை, லிங்கநகர்... அம்மா ரீச்சர்... எனக்குத் தெரியாது..."

ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லி, அடுத்த கேள்விக்குக் காத்திருந்து, திரும்பவும் மறுமொழி சொல்கிற மாதிரி. ஆதம்பாவா துடுப்பைப் போட்டு அந்தக் குரலை நோக்கி மெதுவாகப் போனான். மழைக்குள்ளிருந்து தவமலரின் முகம் தெரிந்தது. நெஞ்சுக்கு மேலே மிதக்கவேண்டிய பிள்ளை, தாடை தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தாள். அவன் கையைப் பிடித்துத் தூக்கினான். ஏழு வயதுப் பிள்ளையின் பாரமில்லை அது. போட் அவன் பக்கம் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். பிறகு, ஏதோ விட்டுவிட்டதுபோல, பிள்ளை பஞ்சாக மேலே வந்தாள்.

ஜெட்டிக்கு வந்தபோது ஆதம்பாவாவின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பரீதா முதலில் பிள்ளையைப் பார்த்தாள். உயிரோடு இருந்தாள், பசிக்கிறது என்றாள். பிறகு சட்டையைக் கழற்றித் திருப்பினாள்.

பிடரி வார் பிய்ந்து தொங்கியது. மூன்று வரிசைத் தையலும் விட்டுப்போயிருந்தது. ஒரு பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்திருந்தால் வார் மேல்நோக்கி இழுபட்டிருக்கும். இது கீழ்நோக்கிக் கிழிந்திருந்தது. சீலையின் இழைகள் எல்லாம் கீழே, கால் பக்கமாக, நீண்டு கிடந்தன. பரீதா அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஜெட்டியில் இருந்துவிட்டாள்.

யாரும் பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கவில்லை. யாரோ பிள்ளைகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். அமிழாமல் இருப்பதற்காக.

சில நாள் கழித்து, மஸ்கட் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு அவள் லிங்கநகருக்குப் போனாள். புஸ்பராணி வரவேற்று உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள். தவமலர் ஒரு துண்டு மஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு பரீதாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மகள், தண்ணிக்குள்ள நீங்க ஆரோட கதைச்சீங்க?"

"அந்த அக்காவோடை."

"என்ன கேட்டா அவ?"

"எங்கை வீடு எண்டு கேட்டவ. இந்தச் சட்டை ஆர் தைச்சதெண்டு கேட்டவ. ஜெட்டியிலை நிக்கிற அன்ரி எண்டு சொன்னனான்."

பரீதாவின் கை மடியில் கிடந்த முக்காட்டு நுனியை முறுக்கியது.

"பிறகு?"

"எல்லாருக்கும் தைக்கிறா, எனக்கு ஏன் தைக்கேல்லை எண்டு கேட்டவ. நான் தெரியாது எண்டனான்."

குசினியில் புஸ்பராணி கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. பரீதா கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது. மகள் இருந்திருந்தால் இப்போது குமரி. அவளுக்கு முன்னால் எத்தனையோ இரவுகளாக அந்தக் குமரியின் முகம் வந்து வந்து போயிருக்கிறது.

"எவ்வளவு உசரம் மகள், அந்த அக்கா?"

தவமலர் தன் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினாள். "என்ரை உசரம்தான். ஆனா அக்கா மாதிரிக் கதைச்சவ. கை சரியான குளிர்."

தேத்தண்ணி வந்தது. பரீதா குடித்தாள். சூடு தொண்டையில் இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தாள். பெருநாளுக்கு மகளுக்குக் கவுன் தைத்தபோது மிஞ்சிய மஞ்சள் துணி அங்கே கிடந்தது. அதை வெளிச் சீலையாக வைத்தாள். உள்ளே மெழுகுச்சீலை இரண்டு மடங்கு. பஞ்சை அவளே வெயிலில் உலர்த்தி, விதை பொறுக்கி, தூசு தட்டி, விரலால் பிரித்துப் பிரித்து அடைத்தாள். அளவு நாடாவை எடுக்கவில்லை. தன் இடுப்பு வரை வருகிற தலை, தன் ஒரு கைக்குள் அடங்குகிற தோள். அந்த அளவு அவளுடைய உடம்பில் இருந்தது.

ஆதம்பாவா வாசலில் நின்று பார்த்தான். "இது ஆர் தைக்கச் சொன்ன ஓடர்?"

பரீதா நிமிரவில்லை. "உங்கட மகளுக்கு."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மகளைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் நின்று எவ்வளவோ காலமாகியிருந்தது.

"லெப்பை அறிஞ்சா என்ன சொல்லுவார்?"

"நான் தொழுதுட்டுத்தான் மெஷின்ல குந்தினனான்," என்றாள் அவள். "அன்டைக்கு நீங்க அந்த ரீச்சர்ட புள்ளயத் தூக்கக்கொள்ள எவ்வளவு பாரம் இருந்த?"

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு புள்ளைட பாரம்."

"இந்த மாதிரி இன்னொரு நாள் நடந்தா, ஒரு சட்டை ரெண்டு பேரத் தாங்குமா?"

"தாங்காது," என்றான் ஆதம்பாவா.

சவாரி இல்லாத ஒரு கிழமை நாளின் உச்சிப்பொழுதில் அவர்கள் இருவரும் போட்டில் போனார்கள். கடலில் வேறு படகு ஒன்றும் இல்லை. காற்று விழுந்து, தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. சோபர் தீவின் மரங்களில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை. இடத்தை ஆதம்பாவா கேட்காமலே காட்டினான். எஞ்சினை நிறுத்திவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, கரையைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

பரீதா ஓரத்தில் குனிந்து மஞ்சள் சட்டையைத் தண்ணீரில் வைத்தாள். அது தட்டையாக, வாழையிலை மாதிரி மிதந்தது. இரு கையாலும் அதை அமுக்கி, முழங்கை வரை தண்ணீருக்குள் இறக்கினாள். புதுப் பஞ்சு அவள் கையை எதிர்த்து மேலே தள்ளியது. அவள் விடாமல் பிடித்திருந்தாள்.

திடீரென்று அந்தத் தள்ளல் நின்றது.

சட்டை அவள் கைக்குள் மெதுவாக நிறைந்தது. காற்றுப் புகுந்த சீலை நிறைகிற மாதிரி இல்லை. குளிப்பாட்டித் துடைத்த பிள்ளை கையை நீட்ட, கவுன் தோளில் இறங்குகிற மாதிரி. முதலில் ஒரு தோள், பிறகு மற்றது. தண்ணீர் இதமான சூட்டில் இருந்தது. சட்டைக்குள் இருந்தது மட்டும் குளிர்ந்தது. அந்தக் குளிர் விரல் நுனியில் ஏறி எலும்புக்குள் போனது.

கறுத்த நீரில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று அவள் குனிந்து பார்க்கவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கை அறிந்தபடி கட்டினாள். நெஞ்சில் ஒரு கட்டு. பிஸ்மில்லாஹ். இடுப்பில் ஒரு கட்டு. பிஸ்மில்லாஹ். காலிடை வாரைத் தேடிக் கையைக் கீழே விட்டாள். அது அவள் உள்ளங்கையில் வந்து படிந்தது, யாரோ எடுத்துக் கொடுத்ததுபோல. அதையும் கட்டினாள்.

"இறுக்கமாக் கிடக்கா மகள்?" என்று அவளை அறியாமல் கேட்டுவிட்டாள்.

ஆதம்பாவா போட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தான். அவன் திரும்பவில்லை.

அவள் கையை விட்டாள். மஞ்சள் சட்டை மேலே வந்தது. தட்டையாக அல்ல. தோள் இரண்டும் நீருக்கு மேலே, நிமிர்ந்து. ஒரு கணம் போட்டின் பக்கத்தில் நின்றது. பிறகு, காற்றே இல்லாத அந்த நீரில், துறைமுக வாயை நோக்கி மெல்ல நகரத் தொடங்கியது. அதன் பின்னால் சின்ன அலை ஒன்று கோடுபோல விரிந்தது. ஆதம்பாவா அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

"பின்னால போவமா?" என்று கேட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"வேணாம்."

பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வாய் துடித்தது. கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மஞ்சள் நிறம் புள்ளியாகிக் கண்ணுக்கு எட்டாமல் போகும்வரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

அதன்பிறகு எந்தப் பிள்ளையும் தண்ணீருக்குள் ஒரு அக்காவைக் கண்டதாகச் சொல்லவில்லை. வார்கள் கசங்கவில்லை. அந்த வருஷம் மூதூர்க் கடலில் வலை போட்ட ஒருவர் சந்தையில் கதைத்தது அவள் காதுக்கு வந்தது. விடியற்காலையில் ஒரு சின்னப் பிள்ளை மஞ்சள் உடுப்போடு தண்ணீரில் இருப்பதைக் கண்டாராம். கிட்டப் போனால் தள்ளித் தள்ளிப் போனதாம். பரீதா அவரைத் தேடிப் போய் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நிமிந்து இருந்ததா?"

"ஓம், ராத்தா. கதிரையில இருக்கிற மாதிரி."

அவள் வீட்டுக்கு வந்து, வெகுகாலத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். தென்பக்கம் வெருகல் கடலிலும் யாரோ கண்டதாக அடுத்த வாடைக் காலத்தில் ஒரு கதை வந்தது. பிறகு கதை நின்றுவிட்டது. மெழுகுச்சீலை வைத்தாலும் பஞ்சு எல்லாக் காலத்துக்கும் தாங்காது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? நனைந்திருக்கும், அமிழ்ந்திருக்கும், எங்கேயாவது மணலில் அடங்கியிருக்கும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் வந்தன. வெள்ளைக்காரர் திரும்பவும், இந்த முறை அரைக் காற்சட்டையோடு வந்தார்கள். ஆதம்பாவா போட்டை ஒரு ஹோட்டலுக்குக் கொடுத்துவிட்டான். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த மிதப்புச் சட்டைகள் இருந்தன. பிள்ளைகளின் அளவில் இருந்தவற்றுக்கும் காலிடை வார் இல்லை என்று கண்டு, பரீதா மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், ஹோட்டலின் பின்பக்கத்தில் இருந்து எல்லாவற்றுக்கும் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

மட்டக்களப்பை இன்னொரு பெரும் புயல் அடித்துப் போட்ட அடுத்த வருஷம் ஆதம்பாவா மௌத்தானான். அவனை அடக்கிய பிறகு கிண்ணியாவிலிருந்து தங்கை மைமூனா வந்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். இத்தா என்ற துக்கக் காலம் முடிந்தபின் ஒருநாள், மைமூனாவின் புருஷன் வழிச் சொந்தக்காரர் ஒருவர் அந்த வீட்டுக்கு வந்தார். ஸைனுலாப்தீன் என்று பெயர். வாழைச்சேனைப் பக்கம் கடலுக்குப் போகிறவர். புயலின் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடித்து ஓய்ந்த பின்னர் சவங்களைத் தேடிக் கடலுக்குள் போனார்களாம்.

"ஒரு விசயம் ஆருக்கும் சொல்லல்ல," என்றார் அவர், தாழ்ந்த குரலில். "சொன்னாப் பைத்தியம் எண்டுவாங்க. தூரத்துல ஒரு மஞ்சச் சட்டைப் புள்ள. சின்னது. தண்ணிக்கு மேல நிமிந்து இருக்கு."

மைமூனா அக்காவைப் பார்த்தாள். பரீதா திரைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி இருந்தாள். அங்கிருந்தபடியே கேட்டாள்.

"பஞ்சு எப்பவோ நனைஞ்சிருக்கணுமே. இன்னும் எப்படி மிதக்கும்?"

"எனக்குத் தெரியா ராத்தா. கண்டதச் சொல்றன்."

"தனியாவா இருந்த?"

ஸைனுலாப்தீன் தன் மேல் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல. அதச் சுத்திவர, அதப் பிடிச்சுக்கொண்டு, நிறையப் புள்ளையள். எல்லாம் சின்னதுகள். தலை மட்டும்தான் தெரிஞ்ச. ஒண்டும் அழல்ல. எங்களப் பாத்துக்கொண்டே போனதுகள்."

வெளியில் கோழி ஒன்று குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனது.

அன்று அவர் போனபிறகு பரீதா மைமூனாவிடம், "நல்ல இலவம் பஞ்சு இந்த ஊரில ஆரிட்ட வாங்கலாம்?" என்று கேட்டாள்.

அதன்பின் அவள் மெத்தை தைக்கவில்லை. குட்டிச் சட்டைகளை மட்டும் தைத்தாள். யாருக்கு என்று கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை. சில நாட்களில், கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற, ஊரில் பாதை என்று சொல்கிற மிதவையில் அவளைக் காணலாம். மடியில் ஒரு பொட்டலத்தோடு ஓரமாக இருப்பாள். பாதை நடுத்துறைக்கு வந்ததும் பொட்டலத்தை அவிழ்த்து, ஒவ்வொரு சட்டையாகத் தண்ணீரில் இறக்குவாள். நாடாக்களைக் கட்டாமல் விடுவாள்.

முதலில் பாதைக்காரர் தடுக்கப் பார்த்தார்கள். கிழவிக்கு மூளை பிசகிவிட்டது, சட்டைகள் கரையில் ஒதுங்கிக் குப்பையாகும் என்றார்கள். அந்த அலம்பலில் கரைக்குப் போய்ப் பார்த்தும் வந்தார்கள். ஒரு சட்டையும் ஒதுங்கியிருக்கவில்லை. வாடைக் காற்று நேரே கரையை நோக்கி அடிக்கிற நாட்களிலும் ஒதுங்கவில்லை. அதன்பிறகு அவள் ஏறினால் அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. நடுத்துறை வந்ததும் மிதவையை இழுப்பதை நிறுத்திவிட்டு, அவள் முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.